இறங்காத குழி

லிஃப்ட் விழாமல் இருப்பதற்கு எது காரணம் என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கம்பிக்கயிறு என்பார்கள். மெக்கானிக்கிடம் கேட்டால் கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்குவார். கயிறு ஒன்றல்ல, நாலைந்து இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். கரண்ட் போனால் பிரேக் விட்டுவிடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்களே, விஷயம் தலைகீழ். பிரேக்கை எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு ஸ்பிரிங்குகள். கரண்ட் வந்து அவற்றை விலக்கினால்தான் பெட்டி நகரும். கரண்ட் போன நொடியில் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும்.

"அதாவது, நிக்கிறதுதான் அதோட சுபாவம். ஓடுறதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அனுமதி வாங்கணும்" என்று முடிப்பார்.

சர்ச் சபையில் அவரைக் கேலி செய்ய ஆள் பஞ்சமில்லை. "பரலோகத்துக்கு எப்ப லிஃப்ட் போடப் போறீங்க?" என்பார்கள். "குழி தோண்ட இடம் குடுங்க, நாளைக்கே ஆரம்பிக்கிறேன்" என்பார். அந்தப் பதிலை அவர் சொல்லி ஒரு வருடமாகிறது.

லிஃப்ட் ஓடும் பாதைக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே, ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு குழி இருக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பெட்டி எல்லை தாண்டி இறங்கினால் தாங்கிக்கொள்ளத் தடித்த ஸ்பிரிங்குகள் இருக்கும். மூலையில் ஒரு சின்னக் கப்பியும் அதில் தொங்கும் எடையும் இருக்கும். அந்தக் கப்பிதான் கடைசிக் காவல். பெட்டி வேகம் மிஞ்சி ஓடினால், மேலே ஒரு சக்கரம் தனிக்கயிறு ஒன்றைப் பிடித்து நிறுத்தும். அந்தக் கயிறு பெட்டியின் அடியிலிருக்கும் ஆப்புகளை இழுத்துத் தண்டவாளத்தில் கடிக்க வைக்கும். கயிறு விறைப்பாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதை விறைப்பாக வைத்திருப்பது குழியிலிருக்கும் எடை.

மாதாமாதம் பார்வையிட்டுக் குறிக்கும் அட்டையில் கடைசி மூன்று கட்டங்கள் குழிக்கு. பன்னிரண்டு லிஃப்டுகளுக்கும் அந்த மூன்று கட்டங்களை மெக்கானிக் பதினோரு மாதமாக மேலே நின்றுகொண்டே நிரப்பிவந்தார். தரைத்தளக் கதவைச் சாவி போட்டுத் திறப்பார். டார்ச் அடிப்பார். வியர்க்கும். கதவை மூடுவார். டிக், டிக், டிக்.

ஒரு வருடத்துக்கு முன்பு நடந்தது ஒரு சின்னக் காரியம். கூட வேலை செய்யும் நெட்டை என்பவர் மூன்றாம் மாடியில் இருந்தார். குழிக்குள் விழுந்த திருப்புளியை எடுக்க மெக்கானிக் இறங்கினார். இறங்கினால் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் கட்டை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். லிஃப்டை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும், சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். இருபது வருட அனுபவக்காரன்தான் இரண்டையும் மறப்பான். புதிதாக வந்தவனுக்குப் பயம் இருக்கும், அவன் மறக்கமாட்டான். ஒரு நிமிடம்தானே என்று இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது. கதவு சாத்தினால் லிஃப்டுக்கு எல்லாம் சரி என்று கணக்கு. அவர் எப்போதோ ஏறி வந்திருப்பார் என்று நினைத்து நெட்டை லிஃப்டை ஓட்டத்துக்கு விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பெட்டி இறங்கி வந்தது. ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்த மெக்கானிக்கின் மூக்குக்கு ஒரு சாண் மேலே அதன் அடிப்பாகம் வந்து நின்றது. பழைய கட்டடம், ஆழம் குறைந்த குழி. பொத்தான் எட்டவில்லை. நாற்பது நிமிடம். தலைக்கு மேலே ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், யாரோ குழந்தைக்கு மிட்டாய் உறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

ஒரு கீறலும் இல்லை. அதனால் சொல்வதற்கும் எதுவும் இல்லை. கடையிலிருந்து திரும்பி, அவரைத் தேடி வந்து வெளியே எடுத்த நெட்டை மன்னிப்புக் கேட்டார், இருவரும் தேநீர் குடித்தார்கள், விஷயம் முடிந்தது. அடுத்த மாதம் குழிக்கதவைத் திறந்தபோதுதான் கால் நகரவில்லை.

பன்னிரண்டில் ஒன்று மகப்பேறு மருத்துவமனை லிஃப்ட். கட்டிலோடு ஏற்றிப்போகும் பெரிய பெட்டி. மெக்கானிக்கின் மனைவிக்கு அங்கேதான் ஆயா வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதில் ஏறி இறங்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, கொண்டுவந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வயது நாற்பதைத் தொடாதவர். குரல் உயர்த்தத் தெரியாது. மைக் பக்கத்திலேயே நின்று பேசுவார்.

"இன்னைக்கு எழுதி வச்சதை வாசிக்கப் போறதில்ல" என்றார். "ரெண்டு வருஷமா எனக்கு ஜெபம் வரல. முழங்கால் போடுவேன். நெஞ்சு அடைக்கும். எழுந்திரிச்சிடுவேன். உங்கள்ல எத்தனையோ பேர் வந்து, ஐயா எனக்காக ஜெபிங்கன்னு சொன்னீங்க. சரின்னு சொல்லி அனுப்பினேன். பாதிப் பேருக்கு நான் ஜெபிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு பஸ் நிலையத்துல உட்கார்ந்திருந்திருக்கேன். டாக்டர்கிட்ட போறேன், மாத்திரை சாப்பிடுறேன். வீட்டுல கத்துறேன். இதை மறைச்சு வச்சுட்டு இங்க நிக்க முடியல. அவ்வளவுதான்."

பின்வரிசையில் ஒரு பெண் அழுதாள். முன்வரிசையில் செருமல்கள் கேட்டன. ஆர்கன் வாசிப்பவர் பாட்டு எண்ணைத் தேடித் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் எதிரேயிருந்த பெஞ்சின் முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் மேல் அவருக்கு உண்டான மரியாதை, இத்தனை வருடத்தில் எந்தப் பிரசங்கத்துக்கும் உண்டாகாதது. இவ்வளவு பேர் முன்னால், ஒவ்வொன்றாகத் தன் பொய்களைச் சொல்ல ஒருவனுக்கு எங்கிருந்து தெம்பு வந்தது? செய்யாததைச் செய்ததாகச் சொன்னேன் என்கிறார். மெக்கானிக்குக் காது சூடாகியது.

மத்தியானச் சாப்பாடு கீழ்வீட்டில், மச்சான் வீட்டில். ஞாயிறு என்றால் அப்படித்தான். மனைவியின் அண்ணன் அவர். மெக்கானிக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர், இன்று அங்கே சூப்பர்வைசர். மெக்கானிக் குடும்பம் இருப்பது அவர் வீட்டு மாடியில். சபைக்குச் செயலாளரும் அவரே. இப்படி ஒரே ஆளாக நாலு பக்கமும் நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தங்கையின் பிரசவத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்.

"கறி போடு மாப்ளைக்கு" என்றார். "என்ன மாப்ள, சாமியார் நாடகம் பார்த்தீங்களா?"

"நாடகமா தெரியல மச்சான்."

"பின்ன? டிரைவர் பஸ்ஸை ஓட்டிக்கிட்டே, எனக்குக் கண்ணு சரியா தெரியலன்னு மைக்ல சொன்னா எப்படி இருக்கும்? பயணிங்க என்ன பண்ணுவாங்க?"

"சொல்லாம ஓட்டினா பரவாயில்லையாக்கும்?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி, எலும்பைத் தட்டோரமாக ஒதுக்கிக்கொண்டே.

"நீ சும்மா இரு. சொல்றதா இருந்தா கமிட்டிகிட்ட சொல்லணும். கதவைச் சாத்திட்டுச் சொல்லணும். நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

"கடிக்கமாட்டீங்கண்ணே. மென்னு முழுங்கிடுவீங்க."

மச்சானின் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சானும் சிரித்தார். ஆனால் கை கழுவிவிட்டு வரும்போது ஒரு காகிதத்தோடு வந்தார். போதகருக்கு உடல்நலமில்லாததால் அவரை விடுவித்து வேறொருவரை அனுப்புமாறு மேலிடத்துக்கு விண்ணப்பம். குடும்பத் தலைவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள எல்லார்கிட்டயும் வாங்கணும். சொந்த வீட்டுலயே ஆரம்பிச்சாத்தானே மரியாதை? போடுங்க."

"கை ஈரமா இருக்கு மச்சான்."

"துடைச்சிட்டுப் போடுங்க."

"படிச்சிட்டுப் போடுறேன்."

மச்சான் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "படிங்க. நாலு வரிதான். அதுக்கு ஒரு வாரமா வேணும்?"

வியாழக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் போதகர் வீட்டுக்குப் போனார். என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியாமலேயே போனார். போதகர் கொல்லைப்புறத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டு, துணி துவைக்கும் மெஷின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்து வாளியில் சொட்டச் சொட்டத் துணிகள்.

"தண்ணி சுத்துது, துவைக்குது, பிழியமாட்டேங்குது. இதுக்காவது ஜெபிச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். வரல" என்று சிரித்தார்.

மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்து, மூடி, காதை வைத்துக் கேட்டார். "மூடி சாத்தியிருக்கான்னு பார்க்க உள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கும் ஐயா. மூடி திறந்திருந்தா சுத்தக்கூடாது, கை மாட்டிக்கும்ல? அது சாத்துனதை நம்பமாட்டேங்குது. சோப்பு படிஞ்சிருக்கும்." திருப்புளி வாங்கிக் கழற்றினார். வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டினார்.

போதகரின் மனைவி வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழமையிலிருந்து பேசறதில்ல" என்றார் போதகர்.

"ஏன் ஐயா? உண்மையைத்தானே சொன்னீங்க?"

"உண்மைதான். ஆனா அதுல பாதி அவளோடது. நான் கத்தினது யார்கிட்ட? பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு, ஆராதனைக்கு நேரமாச்சு வாங்கன்னு கெஞ்சினது யாரு? ரெண்டு வருஷம் அவளும் சேர்ந்து மறைச்சா. அவளைக் கேட்காம முந்நூறு பேர்கிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு லேசாகிடுச்சு, நான் நாளைக்கு மார்க்கெட்டுல எல்லார் முகத்துலயும் முழிக்கணும்னு அன்னைக்குச் சொன்னதுதான் கடைசி. சரிதானே?"

மெக்கானிக் ஸ்க்ரூவை முடுக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "சொன்னதால நெஞ்சடைப்பு போச்சா ஐயா?"

"இல்ல. காலையிலயும் வந்துச்சு." போதகர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடும்னு நினைச்சுத்தான் சொன்னேன். அதையும் சொல்லிடணும் இல்ல? போகல. ஆனா பஸ் நிலையத்துக்குப் போகறதில்ல. போனா, எங்க போறேன்னு கேட்கிறவங்ககிட்ட பஸ் நிலையத்துக்குன்னு சொல்லணும். அதுக்கு வெட்கமா இருக்கு." பிறகு கேட்டார்: "கடுதாசி உங்ககிட்டயும் வந்திருக்குமே?"

"வந்திருக்கு."

"உங்க மச்சான் வீட்டுல இருக்கீங்க. போட்டுடுங்க. நான் வருத்தப்படமாட்டேன்னு சொன்னா அது பொய். வருத்தப்படுவேன். இருந்தாலும் போட்டுடுங்க."

மெஷின் பிழிந்தது. கொல்லையே அதிர்ந்தது. மெக்கானிக் வந்த காரியத்தைச் சொல்லாமலேயே எழுந்தார். போதகரிடம் முதலில் சொல்வது, போதகர் சபையிடம் முதலில் சொன்னது போலத்தான் என்று பட்டது. சொல்ல வேண்டியவள் வீட்டில் இருந்தாள்.

அவள் மறுநாளைக்கான சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாடி வீட்டில் ஒரே அறை, பிறகு சமையலறை. ஜன்னலுக்கு வெளியே மச்சான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மெக்கானிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, திருப்புளியிலிருந்து ஆரம்பித்தார். நாற்பது நிமிடம், மிட்டாய் உறை, அடுத்த மாதம், டிக். அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எந்தெந்தக் கட்டடம்?"

"பன்னிரண்டும்."

"பேர் சொல்லுங்க."

சொன்னார். ஏழாவதாக மருத்துவமனை வந்தது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகாது" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "கயிறு நான் பார்த்தது. பிரேக் நான் பார்த்தது. குழியில இருக்கிறது கடைசிக் காவல்தான். மத்ததெல்லாம் தப்பினாத்தான் அது வேணும். பதினோரு மாசத்துல அந்த எடை எங்க போயிடப்போகுது..."

"பார்த்தீங்களா, நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறேன்."

"நேத்து இரட்டைக் குழந்தை. ரெண்டையும் ஆளுக்கொண்ணா தூக்கிக்கிட்டு அதுலதான் இறங்கினோம். காலையில ஏறும்போது, இது எங்க வீட்டுக்காரர் பார்க்கிற லிஃப்ட்னு புதுசா வந்த பிள்ளைகிட்ட பெருமையடிச்சேன். அவ பயந்தா, அதனால சொன்னேன்." அவள் இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். "ராத்திரி தூக்கத்துல காலை உதைப்பீங்களே, அதுக்கு இதான் காரணமா? நான் வயசாகுதுன்னு நினைச்சேன்."

"கம்பெனியில சொன்னா வேலை போகும்."

"போகும்."

"வேலை போனா உங்க அண்ணன்..."

"எங்க அண்ணன் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? நான் அது கூடப் பிறந்தவ." சீருடையை உதறி மடித்தாள். "கீழ போய் அதுகிட்ட முதல்ல சொல்லுங்க. போதகரய்யா மாதிரி ஊரைக் கூட்டிட்டு அப்புறமா வீட்டுக்கு வராதீங்க. எங்கிட்ட மொத சொன்னீங்க, அது வரைக்கும் நல்லது. கோபம் வராதுன்னு நினைக்காதீங்க, வரும், இந்தக் காரியம் முடிஞ்சதும் வரும்."

மச்சான் முன்னறையில் சபைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார். இடையில் ஒருமுறை எழுந்து கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்தார்.

"மூணு மாசமா தெரியும். பூட்ஸ் பார்த்தேன். குழியில இறங்கினவன் பூட்ஸ்ல கிரீஸும் சேறும் இருக்கும். உங்களோடது பளபளன்னு இருக்கு. அட்டையில உங்க டிக்குக்குக் கீழ யார் கையெழுத்து? என்னோடது. தங்கச்சி வீட்டுக்காரர், எப்படியும் சரியாயிடும்னு விட்டேன். இப்ப நீங்க வாயைத் திறந்தா ரெண்டு பேர் வேலையும் போகும். புரியுதா?"

"அதுல உங்க தங்கச்சி ஏறுறா மச்சான்."

"தெரியாதா எனக்கு?" அவர் கத்தினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, தணிந்த குரலில்: "ஒவ்வொரு நாளும் அவ திரும்பி வந்து மேல படி ஏறுற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கறதில்ல. எல்லாம் அந்த ஆள் பண்ணினது. அவர் மைக்ல ஆரம்பிச்சு வச்சார், இப்ப ஆளாளுக்குக் கிளம்பிட்டீங்க. நாளைக்கு நான் நெட்டையை அனுப்பி ரகசியமா எல்லாக் குழியும் பார்க்கச் சொல்றேன். நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் முடிஞ்சிடும்."

விண்ணப்பத்தை நகர்த்தி, பேனாவையும் அதன் மேல் வைத்தார். நல்ல ஏற்பாடு. குழிகள் சரியாகும், வேலை இருக்கும், வீடு இருக்கும். மெக்கானிக் பேனாவை எடுத்தார். பொய் சொன்னவன் தங்கலாம், சொன்னதை ஒப்புக்கொண்டவன் போக வேண்டும் என்று அந்த நாலு வரிக்கு அர்த்தம். பேனாவைத் திரும்ப வைத்தார்.

"அடுத்த மாசம் குழிக்கு யார் இறங்குவா மச்சான்? நான் மறுபடியும் மேல நின்னு டிக் போடுவேன். நீங்க மறுபடியும் சோறு இறங்காம உட்கார்ந்திருப்பீங்க."

மச்சான் பதிவேட்டின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெக்கானிக் மருத்துவமனை லிஃப்டை நிறுத்தினார். பெட்டியை மூன்றாம் மாடிக்கு அனுப்பி, கரண்டைத் துண்டித்து, தரைத்தளக் கதவில் பலகை மாட்டினார். கம்பெனிக்குப் போன் செய்து, எந்தெந்த லிஃப்ட், எத்தனை மாதம், யார் செய்தது என்று சொன்னார். மச்சானின் கையெழுத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதை மச்சான்தான் சொல்ல வேண்டும். மற்ற பதினொன்றையும் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அவரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்குள் கட்டடமே அவர் மேல் பாய்ந்தது. தலைமை நர்ஸ் வந்து கத்தினார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறினாள். அவள் மாமியார் திரும்பிப் பார்த்து, "நல்லா இருப்பியாய்யா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏன், ஏன் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். முதலில் "பழுது" என்றார். நாலாவது ஆளிடம், "நான் பதினோரு மாசமா கீழ இறங்கிப் பார்க்கல" என்றார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துவிட்டுப் படியேறினார்.

கம்பெனி அனுப்பி நெட்டை வந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்தார், அழுத்தி இரண்டு தடவை சோதித்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார். இறங்கினார். மெக்கானிக் கதவிலிருந்து மூன்றடி தள்ளி நின்றார். அதற்கு மேல் கால் வரவில்லை.

"தண்ணி நிக்குது" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "கணுக்கால் வரைக்கும். ஸ்பிரிங் துரு." பிறகு தண்ணீரில் நடக்கும் சத்தம் கேட்டது. "எடை தரையில உட்கார்ந்திருக்குப்பா. கயிறு தொளதொளன்னு தொங்குது."

கடைசிக் காவல் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக் சுவரில் சாய்ந்தார்.

"ஏங்க!"

மேலேயிருந்து மனைவி. மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலாகத் தலை நீட்டினாள். "சுவரைத் தாங்கினது போதும். வாங்க. இங்க ஸ்ட்ரெச்சர் தூக்குற ஆள் ஒருத்தருக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு."

மூன்றாம் மாடி அறுவை அறையிலிருந்து இரண்டாம் மாடி வார்டுக்கு ஒரு பெண்ணை இறக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரைப் படியில் இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. கால் முதலில் போக வேண்டும், தலை எப்போதும் உயர்ந்திருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள்மேல்தான் பாரம் விழும், அவர்கள் தோளளவுக்குத் தூக்கிப் பிடித்தால்தான் படுக்கை மட்டமாக இருக்கும். நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்க வேண்டும். அதனால் படி தெரியாது. மேலேயிருப்பவர் எண்ணிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் மெக்கானிக்குத் தெரியாது. அவள் நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுத்தாள். கீழ்ப்பக்கம் அவரும் காவலாளியும். தலைப்பக்கம் அவளும் இன்னொரு ஆயாவும்.

"பத்து" என்றாள். "ஒம்போது. மெதுவா. எட்டு."

படுத்திருந்த பெண்ணுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "லிஃப்ட் என்னாச்சு?" என்றாள்.

"அவர்கிட்டயே கேளும்மா" என்றாள் மனைவி. குரலில் கோபம் இருந்தது. சொன்னபடியே வந்துவிட்டது. "அவர்தான் நிறுத்தினார்."

மெக்கானிக் பிடியை இறுக்கினார். "அடியில ஒரு குழி இருக்கும்மா" என்றார். "அதுல இறங்க எனக்குப் பயம். இறங்கினதாப் பொய் எழுதிட்டேன்."

அந்தப் பெண் அதை யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கினாள். "இப்ப இறங்கிட்டீங்களா?"

"இல்ல. வேற ஒருத்தர் இறங்கியிருக்கார்."

"பேசிக்கிட்டே காலை விட்டுடாதீங்க" என்றாள் மனைவி. "இன்னும் ஆறு இருக்கு. பின்னால பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. ஆறு."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, குதிகாலால் துழாவி, அடுத்த படியில் காலை வைத்தார்.

"அஞ்சு" என்றாள்.